சியோலுக்குக் கொடுத்த வாக்கு

2023 ஜூலை 18 அன்று தென் கொரியாவின் பூசான் துறைமுகத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் 'கென்டக்கி' நீர்மூழ்கிக் கப்பல் வந்து நின்றது. அணு ஆயுதம் தாங்கும் டிரைடென்ட் ஏவுகணைகளை ஏவ 20 குழாய்கள் கொண்ட கப்பல் அது. அந்த வகை நீர்மூழ்கி ஒன்று தென் கொரியாவுக்கு வந்தது 1981-க்குப் பிறகு அதுவே முதல் முறை. மறுநாள் அதிபர் யூன் சுக் இயோல் நேரில் போய்க் கப்பலுக்குள் இறங்கிப் பார்த்தார். அதே நாள் அதிகாலையில் வட கொரியா இரண்டு குறுந்தூர ஏவுகணைகளைக் கடலை நோக்கி ஏவியது. அவை பறந்த தூரம் சுமார் 550 கிலோமீட்டர். பியாங்யாங்கிலிருந்து பூசானும் ஏறத்தாழ அதே தூரம்தான்.

போர்த்தந்திரம் அறிந்தவர்களுக்கு இந்த வருகை புதிராக இருந்திருக்கும். இத்தகைய கப்பலின் பலமே அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான். டிரைடென்ட் 7,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும். பசிபிக்கின் ஆழத்தில் எங்கோ கிடந்தபடியே பியாங்யாங்கை எட்ட அதனால் முடியும். அப்படி மறைந்திருக்க வேண்டிய கப்பலைப் பட்டப்பகலில் புகைப்படக்காரர்கள் முன் நிறுத்தியதற்கு வட கொரியா பாதிக் காரணம். சியோல் மக்கள் அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது மீதிக் காரணம்.

அணு அச்சுறுத்தலைத் தடுக்கக் கூட்டணிகளை வலுப்படுத்துவது பற்றிய விவாதம் பெரும்பாலும் ஆயுதக் கணக்காகவே நடக்கிறது. எத்தனை போர் விமானங்கள், எத்தனை ஏவுகணைகள், எத்தனை ஆயிரம் வீரர்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் கூட்டணியின் வேலை எதிரியைப் பயமுறுத்துவதோடு முடிவதில்லை. பாதுகாப்புப் பெறும் நாடு கொடுத்த வாக்கை நம்ப வேண்டும். நம்பிய தைரியத்தில் அது தானாகப் போரில் இறங்கிவிடவும் கூடாது. இந்த மூன்று வேலைகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை. கொரியத் தீபகற்பத்தின் எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், கூட்டணி தள்ளாடியது ஆயுதம் குறைந்த நேரங்களில் என்பதைவிட, ஒரு தலைநகர் மற்றதைக் கலக்காமல் முடிவெடுத்த நேரங்களில் என்றே சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் பிறந்த விதத்திலேயே இது தெரிகிறது. 1953-இல் மூன்றாண்டுப் போரை எப்படியாவது முடித்துக்கொள்ள வாஷிங்டன் துடித்தது. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீக்கோ பாதி நாட்டோடு நிற்க மனமில்லை. ஜூன் 18 அன்று, போர்நிறுத்தப் பேச்சைக் கெடுப்பதற்காகவே, முகாம்களின் கதவுகளைத் திறக்கச் செய்து சுமார் 27,000 வட கொரியக் கைதிகளைத் தப்பவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த அமெரிக்கா கொடுத்த விலைதான் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம். வடக்கைத் தடுக்க எழுதிய ஆவணம் தெற்கையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. தாக்குதல் நடந்தால் அமெரிக்கா உடனே போரில் இறங்கும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. தன் அரசியல் சாசன நடைமுறைப்படி செயல்படும் என்றுதான் இருக்கிறது. தானாகவே துணைக்கு வரும் உறுதியைக் கேட்ட ரீக்கு அது கிடைக்கவில்லை. (நாடு திரும்ப மறுத்த போர்க் கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைமையிலான ஆணையத்திடம் வந்தது. இந்தியர்கள் தம் மண்ணில் கால் வைக்கவே கூடாது என்று ரீ பிடிவாதம் பிடித்ததால், நம் வீரர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றிப் படைவிலக்கப் பகுதியில் இறக்க வேண்டியிருந்தது.)

1958 முதல் அமெரிக்கா தென் கொரிய மண்ணிலேயே அணு ஆயுதங்களை வைத்தது. 1967 வாக்கில் அவற்றின் எண்ணிக்கை சுமார் 950-ஐத் தொட்டது. அத்தனை இருந்தும் 1976 ஆகஸ்ட் 18 அன்று எல்லையிலுள்ள பன்முன்ஜோமில், பார்வையை மறைத்த ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளை வெட்டப்போன குழுவை வட கொரிய வீரர்கள் தாக்கினார்கள். இரண்டு அமெரிக்க அதிகாரிகள் கோடரியால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து நடந்த பதிலடி இன்றும் படிக்கத்தக்கது. குவாம் தீவிலிருந்து பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வானில் சுற்றின. 'மிட்வே' விமானம் தாங்கிக் கப்பல் கடலில் நகர்ந்தது. தென் கொரியச் சிறப்புப் படையினர் காவல் நின்றார்கள். பின்னாளில் அதிபரான மூன் ஜே இன் அப்போது அந்தப் படையில் ஓர் இளம் வீரர். இவ்வளவு ஏற்பாட்டோடு அவர்கள் செய்தது அந்த ஒரு மரத்தை அடியோடு வெட்டியதுதான். முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. கிம் இல் சுங்கிடமிருந்து வருத்தம் தெரிவிக்கும் செய்தி வந்தது. பெரும் பலத்தைக் காட்டி, மிகச் சிறிய இலக்கோடு நின்றுகொண்ட அந்த நிதானம்தான் அன்று போரைத் தவிர்த்தது.

அதே பத்தாண்டில் கூட்டணி உள்ளுக்குள் உளுத்துக்கொண்டிருந்தது. ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1969-இல் குவாமில் நிக்சன் அறிவித்தார். 1971-இல் அமெரிக்காவின் 7-ஆம் காலாட்படைப் பிரிவு கொரியாவை விட்டு வெளியேறியது. சுமார் 20,000 வீரர்கள் போனார்கள். அப்போது தென் கொரியா வியட்நாமில் அமெரிக்காவுக்காகத் தன் படைகளைப் பலிகொடுத்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், அதிபர் பார்க் சுங் ஹீக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது புரியும். அவர் ரகசியமாக அணுகுண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றை பிரான்ஸிடம் வாங்கப் பேச்சு நடந்தது. அமெரிக்கா கண்டுபிடித்து, கடன், அணு உலை, பாதுகாப்பு என்று எல்லாப் பக்கமும் நெருக்கிய பிறகு 1976-இல் அந்த ஆலைப் பேரம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த அமெரிக்க அதிபர் கார்ட்டர் மீதித் தரைப்படைகளையும் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். 1979-இல் அந்த யோசனையைக் கிடப்பில் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அமைந்த கூட்டுப் படைத் தலைமையகம், அமெரிக்கத் தளபதியையும் கொரியத் துணைத் தளபதியையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தது. அணு ஆயுதக் கிடங்கு தராத நம்பிக்கையை அந்தத் தினசரி உடனிருப்பு ஓரளவு தந்தது.

1991 செப்டம்பரில் தந்திரோபாய அணு ஆயுதங்களை வெளிநாடுகளிலிருந்து திரும்பப் பெறுவதாக மூத்த புஷ் அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் தென் கொரிய மண்ணில் ஒரு அணு ஆயுதம்கூட இல்லை என்று அதிபர் ரோ டே வூ சொன்னார். இரு கொரியாக்களும் அணு ஆயுதம் வைத்துக்கொள்வதில்லை என்று கூட்டாக அறிவித்தன. அதன் ஆயுள் குறைவு. 1993 மார்ச்சில் வட கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. 1994-இல் வட கொரியாவின் யோங்பியோன் அணு உலையைத் தாக்கும் திட்டத்தை கிளின்டன் அரசு பரிசீலித்தது. தாக்கியிருந்தால் பதிலடி விழுந்திருக்கக்கூடிய இடம் எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள சியோல். நாட்டின் மக்கள்தொகையில் பாதி அந்த நகரத்திலும் அதைச் சுற்றியும்தான் வாழ்கிறது. அன்று முன்னாள் அதிபர் கார்ட்டர் பியாங்யாங் போய்ப் பேசியதால் ஆபத்து நீங்கியது. அக்டோபரில் கையெழுத்தான உடன்பாடு எட்டு ஆண்டு தாக்குப்பிடித்து 2002-இல் உடைந்தது. 2003-இல் வட கொரியா தடை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணு வெடிப்பு. 2017 செப்டம்பர் 3 அன்று ஆறாவது, எல்லாவற்றிலும் பெரியது.

ஆறு வெடிப்புகளைவிடக் கூட்டணியை அதிகம் உலுக்கியது 2017 ஜூலை 4 அன்று பறந்த ஹ்வாசாங்-14. வட கொரியாவின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அது. அதுவரை வட கொரியாவால் அமெரிக்க மண்ணைத் தொட முடியாது. சியோலுக்காகப் போரிட்டால் அமெரிக்கா இழக்கப்போவது தன் வீரர்களை, நகரங்களை இல்லை. அந்த நவம்பரில் ஹ்வாசாங்-15 ஏவப்பட்டபோது கணக்கு மாறிவிட்டது. பாரிஸைக் காப்பாற்ற நியூயார்க்கைப் பணயம் வைப்பீர்களா என்று 1961-இல் கென்னடியிடம் பிரான்ஸின் டி கால் எழுப்பிய சந்தேகம் அறுபது ஆண்டு கழித்து சியோல் வீதிகளில் புதிதாக முளைத்தது. டி கால் தம் சந்தேகத்துக்குப் பதிலாகச் சொந்த அணுப்படையையே கட்டிக்கொண்டார். தென் கொரியர்களும் அதே திசையில் பார்க்கத் தொடங்கினார்கள். 2022 பிப்ரவரியில் சிகாகோ உலக விவகார மன்றம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் பேர் சொந்த அணு ஆயுதம் வேண்டும் என்றார்கள். 2022 செப்டம்பரில் வட கொரியா, தாக்கப்படுவதற்கு முன்பே அணு ஆயுதத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. 2023 ஜனவரியில், நிலைமை மோசமானால் நாமே அணு ஆயுதம் செய்துகொள்ளலாம் என்று அதிபர் யூனே வாய்விட்டுச் சொன்னார்.

வாஷிங்டன் அதிர்ந்தது. அதன் விளைவுதான் 2023 ஏப்ரல் 26 அன்று பைடனும் யூனும் வெளியிட்ட வாஷிங்டன் பிரகடனம். அணு ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தடை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதாகத் தென் கொரியா மறுபடி உறுதி சொன்னது. 'கென்டக்கி' பூசானுக்கு வந்த நாளும் அந்தக் குழு சியோலில் முதன்முறை கூடிய நாளும் ஒன்றே. செய்தித்தாள்கள் கப்பலின் படத்தை முதல் பக்கத்தில் போட்டன. உண்மையில் அன்று நடந்த பெரிய காரியம் கூட்டம்தான். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டெனிஸ் ஹீலி போட்ட கணக்கு இங்கே பொருந்தும்: எதிரியைத் தடுக்க 5 சதவீத நம்பகம் போதும், தோழனைத் தேற்ற 95 சதவீதம் வேண்டும். நேட்டோவில் அந்த 95 சதவீதத்தைத் தேடித்தான் 1966-இல் அணு திட்டக் குழு உருவானது. ஐரோப்பாவின் சில நாடுகளில் அமெரிக்க அணுகுண்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சுமக்கும் விமானங்களை ஓட்ட அந்தந்த நாட்டு விமானிகளே பயிற்சி பெறுகிறார்கள். சியோலுக்கு அந்த அளவு பங்கு கிடைக்கவில்லை. எப்போது, எதை, எங்கே என்ற கடைசி முடிவு அமெரிக்க அதிபருடையதே. ஆயினும் அணுப்போர் மூண்டால் கொரியாவின் மரபுவழிப் படைகளும் அமெரிக்க அணுப்படையும் எப்படிச் சேர்ந்து இயங்கும் என்று இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கான வழிகாட்டு நெறிகள் 2024 ஜூலையில் கையெழுத்தாயின.

இத்தனை ஏற்பாட்டாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. 2010 மார்ச் 26 அன்று தென் கொரியாவின் 'சோனான்' போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 46 மாலுமிகள் இறந்தார்கள். வட கொரியாவின் டார்பிடோவே காரணம் என்று பன்னாட்டு விசாரணைக் குழு முடிவுசெய்தது. நவம்பர் 23 அன்று தென் கொரியாவின் யோன்பியோங் தீவின்மீது வட கொரியாவின் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. இரண்டு கடற்படை வீரர்களும் இரண்டு பொதுமக்களும் மாண்டார்கள். அணு ஆயுதத்தின் நிழலில் நின்றுகொண்டு சிறு அடி அடிப்பதற்குப் பியாங்யாங் பழகிவிட்டது. பெரிய போருக்கு அஞ்சி சியோல் பொறுத்துக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. பொறுக்காத ஒரு நாள் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோரும் கவலைப்பட வேண்டிய கேள்வி.

ஜப்பானின் நிலை இன்னும் சிக்கலானது. 1998 ஆகஸ்டில் வட கொரியாவின் ஏவுகணை ஒன்று ஜப்பானைத் தாண்டிப் பறந்து பசிபிக்கில் விழுந்தது. 2017-இல் இரண்டு முறையும் 2022 அக்டோபர் 4 அன்று மீண்டும் அவ்வாறு நடந்தபோது, வட ஜப்பானில் காலையில் அபாயச் சங்கு ஒலித்தது. கைப்பேசிகளில் ஒளிந்துகொள்ளச் சொல்லும் எச்சரிக்கை வந்தது. அணுகுண்டின் அழிவை உடம்பில் சுமந்த நாடு, அணு ஆயுதம் செய்வதில்லை, வைத்துக்கொள்வதில்லை, உள்ளே அனுமதிப்பதில்லை என்று 1967-இல் பிரதமர் சாத்தோ அறிவித்த மூன்று கொள்கைகளோடு வாழ்கிறது. அதே நாடு தன் பாதுகாப்புக்கு அமெரிக்க அணு ஆயுதத்தை நம்பியிருக்கிறது. குண்டுவீச்சில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடாங்க்யோ 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. அந்த முதியவர்களின் குரலை ஒதுக்கிவிட்டுப் பேசும் எந்தத் தடுப்புக் கோட்பாடும் முழுமையானதாகாது. 2022 டிசம்பரில் டோக்கியோ தன் பாதுகாப்புச் செலவை 2027-க்குள் நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக உயர்த்துவதென முடிவெடுத்தது. எதிரியின் ஏவுதளங்களைத் திருப்பித் தாக்கும் ஆற்றலும் தேவை என்று எழுதிக்கொண்டது.

சியோலும் டோக்கியோவும் ஒரே எதிரியை எதிர்கொண்டும் பல்லாண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. கட்டாய உழைப்புக்கு இழப்பீடு தரச் சொல்லி 2018-இல் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உறவு கசந்தது. வட கொரிய ஏவுகணைத் தகவல்களைப் பகிரும் ஒப்பந்தம்கூட 2019-இல் முறியும் நிலைக்குப் போனது. இரண்டு ஜனநாயகங்கள் தங்கள் மக்களின் உயிரைக் காக்கும் தகவலைப் பணயம் வைத்த வேதனையான காலம் அது. 2023 மே 21 அன்று ஹிரோஷிமாவில், குண்டுக்குப் பலியான கொரியர்களின் நினைவுத்தூண் முன் யூனும் ஜப்பானியப் பிரதமர் கிஷிடாவும் சேர்ந்து தலைவணங்கினார்கள். ஆகஸ்ட் 18 அன்று கேம்ப் டேவிட்டில் பைடனும் சேர, மூவரும் சந்தித்தார்கள். டிசம்பரில் ஏவுகணை எச்சரிக்கைத் தரவுகளை உடனுக்குடன் பகிர்வது தொடங்கியது. யூன் 2024 டிசம்பர் 3 அன்று ராணுவச் சட்டம் அறிவித்துப் பதவியிழந்தபோது இதெல்லாம் போய்விடும் என்று பலர் அஞ்சினார்கள். ஆனால் எதிர்முகாமிலிருந்து வந்த அடுத்த அதிபர் லீ ஜே மியுங், 2025 ஆகஸ்டில் வாஷிங்டனுக்குப் போகுமுன் டோக்கியோவுக்குப் போனார்.

கூட்டணியைப் பலப்படுத்துவதன் விலையைச் சாதாரண மக்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்பதற்குத் தென் கொரியாவின் சோங்ஜு ஓர் உதாரணம். மஞ்சள் நிறக் கொரிய முலாம்பழத்துக்குப் பேர்போன ஊர் அது. 2016-இல் அங்கே 'தாட்' ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவ முடிவானபோது, ஊராரைக் கேட்காமலே இடம் அறிவிக்கப்பட்டது. விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் ராடார் தன் நாட்டுக்குள்ளும் எட்டிப்பார்க்கும் என்று சீனா சினந்தது. இடம் கொடுத்த லோட்டே நிறுவனத்தின் கடைகள் சீனாவில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சீனச் சுற்றுலாக் குழுக்கள் வருவது நின்றது. சோங்ஜுவிலிருந்து சியோலைக் காப்பது அந்த அமைப்பின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பது இதில் இன்னொரு சங்கடம். சீனாவின் அழுத்தத்துக்கு சியோல் பணியாதது சரியே. உள்ளூர் மக்களிடம் முதலில் பேசாததற்கு நியாயம் கிடையாது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2024 மார்ச்சில் வட கொரியாமீதான தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவின் ஆயுளை ரஷ்யா தன் வீட்டோவால் முடித்துவைத்தது. ஜூன் 19 அன்று புட்டினும் கிம் ஜாங் உன்னும் பியாங்யாங்கில் பரஸ்பர ராணுவ உதவி ஒப்பந்தம் செய்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வட கொரியப் படையினர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குப் போனார்கள். கூட்டணியை வலுப்படுத்தினால் எதிரி தனித்துவிடுவான் என்ற எண்ணத்துக்கு இது பலத்த அடி.

இதெல்லாம் தொலைதூரச் செய்தி என்று இந்திய வாசகர் தள்ளிவிட முடியாது. 1998 ஏப்ரலில் பாகிஸ்தான் சோதித்த கவுரி ஏவுகணை வட கொரியாவின் நோடாங்கிலிருந்து பிறந்தது. 1999-இல் ஏவுகணைப் பாகங்களோடு வந்த வட கொரியக் கப்பலை குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் இந்திய அதிகாரிகள் பிடித்தார்கள். பியாங்யாங்கின் தொழில்நுட்பம் எல்லை பார்த்துப் பயணிப்பதில்லை.

இப்போது கூட்டணிக்குள்ள பெரிய ஆபத்து வாஷிங்டனிலிருந்தே வரக்கூடும். 2018 ஜூனில் சிங்கப்பூரில் கிம்மைச் சந்தித்த டிரம்ப், கூட்டுப் பயிற்சிகளை நிறுத்துவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னபோது சியோல் திகைத்தது. அமெரிக்கப் படைகளைப் பராமரிக்க ஆண்டுக்கு 500 கோடி டாலர் வேண்டும் என்று 2019-இல் அவர் தரப்பு கேட்டது. 2025 அக்டோபரிலோ தென் கொரியா அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டிக்கொள்ள ஒப்புதல் தந்தார். ஒருநாள் குறைப்பதும் ஒருநாள் கூட்டுவதும் ஒருவர் மனநிலையைப் பொறுத்தது என்றால், எந்தப் பிரகடனமும் சியோலில் நிம்மதியைத் தராது. அணு ஆலோசனைக் குழுவுக்கு அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தின் பின்பலம் கிடைத்தால், அடுத்து யார் அதிபரானாலும் அதை ஓசையில்லாமல் கைவிட முடியாது. கூடுதலாக ஒரு குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிடுவதைவிட இது பயனுள்ளது.

எஞ்சியிருப்பது எதிரியோடு பேசும் வழி. 2018 செப்டம்பரில் இரு கொரியாக்களும் எல்லையில் பதற்றத்தைக் குறைக்கச் செய்த ராணுவ உடன்பாடு 2024 ஜூனுக்குள் முற்றிலும் இல்லாமல் போனது. 2023 ஏப்ரல் முதல் சியோலின் அழைப்புகளுக்கு பியாங்யாங் பதில் சொல்வதில்லை. இனி இணைப்பு என்ற பேச்சே இல்லை, தெற்கு பகை நாடு என்று கிம் அறிவித்துவிட்டார். அப்படியிருந்தும் 2024 அக்டோபர் 9 அன்று, தெற்கை இணைக்கும் சாலைகளைத் துண்டிக்கும் வேலை நடக்கப்போகிறது என்று வட கொரிய ராணுவம் அமெரிக்கப் படைக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே தகவல் சொன்னது. தவறான புரிதலால் மோதல் வந்துவிடக் கூடாது என்று காரணமும் சொன்னது. ஆறு நாளில் சாலைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மோதல் வரவில்லை. தன் தாக்குதல் திட்டங்களை அமெரிக்காவோடு சேர்ந்து எழுதும் தென் கொரியாவிடம் இன்று அப்படியொரு அழைப்பைப் பெறும் தொடர்பு இல்லை. அணு ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டங்களில் ஏவுகணைகளோடு அந்தத் தொடர்பை மீட்பதும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்தும் உரிமை சியோலுக்கும் டோக்கியோவுக்கும் இருக்கிறது.